மிக்கேலின் நாலு கிலோ

ஊசிமலை மின்சார கேம்ப்பில் குடியிருந்தவர்கள் இப்போதும் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதாவது கல்யாண வீட்டில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வருவதற்குள் யாராவது ஒருவர் அந்த வருஷத்தை எடுத்துவிடுவார். எந்த வருஷம் என்று கேட்க வேண்டியதில்லை, வெந்நீர் பச்சைத்தண்ணீரைவிடக் கனத்த வருஷம், சுற்றுகிற பம்பரம் நின்ற பம்பரத்தைவிட எடை காட்டிய வருஷம், மலையேறி வந்த பொருளெல்லாம் பன்னிரண்டில் ஒரு பங்கு கூடிப்போன வருஷம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில் சொன்னாலும், கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது அமலோற்பவத்திடமும் அவள் வீட்டு ஆட்டுக்கல்லிடமும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இவர்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

கேம்ப் மலையுச்சியில் இருந்தது, மின்நிலையம் அடிவாரத்தில் இருந்தது, இரண்டுக்கும் நடுவே ஆயிரத்து அறுநூற்று நாற்பது படிகள் இருந்தன. படிகளை ஒட்டித் தண்டவாளம் போட்டு, ஒரே கம்பிவடத்தின் இரண்டு முனைகளிலும் இரண்டு வண்டிகளைக் கட்டி, வடத்தை உச்சியிலிருந்த பெரிய இரும்பு உருளையில் சுற்றிவிட்டிருந்தார்கள். மோட்டார் உருளையைச் சுற்றும், ஒரு வண்டி இறங்கும், மற்றது ஏறும். இதற்கு விஞ்சு என்று பெயர். விஞ்சில் ஏறுகிற ஆளானாலும் அரிசியானாலும் எடை போட்டுத்தான் ஏற வேண்டும் என்பது சட்டம். மேலே இருந்த எடைமேடை, கடிகாரம் போல வட்ட முகப்பும் ஒற்றை முள்ளும் கொண்டது, அமலோற்பவத்தின் பொறுப்பில் இருந்தது. அவள் கணவர் மிக்கேல் அதே கேம்ப்பில் குழாய் ஃபிட்டராக இருந்து நெஞ்சுவலியில் இறந்துபோக, அதற்குப் பதிலாக அவளுக்குக் கிடைத்த வேலை அது.

சட்டத்துக்கு மேல் ஒரு வழக்கமும் இருந்தது. விஞ்சில் கல் ஏறக்கூடாது. எப்போதோ ஒரு பாறைத்துண்டு வண்டியிலிருந்து உருண்டு, கீழே வந்துகொண்டிருந்த வண்டிமேல் விழுந்து ஒரு உயிர் போய்விட்டது. அன்றைக்குப் பிடித்த பயம், அம்மி, ஆட்டுக்கல், உரல் எதுவானாலும் கல் என்றால் விஞ்சு ஓட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். மிக்கேல் கல்யாணம் முடித்து நாகர்கோவிலிலிருந்து அமலோற்பவத்தைக் கூட்டிவந்தபோது, மாவாட்டக் கல்லில்லாத ஊரில் குடித்தனம் நடத்த மாட்டேன் என்று அவள் அடிவாரத்திலேயே பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். புதுப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார் மிக்கேல், விஞ்சு ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தார், அடிவாரத்துக் கல்தச்சனிடம் ஒரு ஆட்டுக்கல்லை எடை போட்டு வாங்கி, தலையில் சும்மாடு கட்டி, குழவியை முதல்நாளும் கல்லை மறுநாளுமாக அத்தனை படியும் தானே சுமந்து ஏறினார். சாகிற வரைக்கும், சாப்பாட்டுத் தட்டில் இட்லி விழும்போதெல்லாம், "நாப்பத்தெட்டு கிலோ, தெரியும்லா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கேம்ப்பில் வேறு கல் இல்லாததால் நாற்பது குடும்பத்துக்கும் அந்தக் கல்தான் மாவாட்டியது.

அவர் போய் மூன்றாவது வருஷம், ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, கீழே அறுபது கிலோ என்று சீட்டெழுதி அனுப்பிய அரிசி மூட்டை மேலே வந்து அறுபத்தைந்து காட்டியது. கீழே தராசில் இருப்பவன் தூங்குகிறான் என்று அமலோற்பவம் போனில் திட்டினாள், மேலே இருப்பவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவன் திருப்பித் திட்டினான். ஒரு வாரம் கழித்து முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல்லைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். அடிவாரத்தில் இருபதாக இருந்த அவருடைய எடைக்கல் மேலே இருபத்தொன்றரையைத் தாண்டி நின்றது. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார், பிறகு ஒரு டீ குடித்துவிட்டு, தராசில் பழுதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த வண்டியில் இறங்கிப்போனார். அரசாங்கமே கையெழுத்துப் போட்ட பிறகு கேம்ப் ஜனங்களுக்கு என்ன சந்தேகம் இருக்க முடியும்?

அதன்பின் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தார்கள். ஆப்பிள் அளவு கரித்துண்டு தணலானதும் கனத்தது. புது டார்ச் பேட்டரிக் கட்டை தீர்ந்த கட்டையைவிடக் கனத்தது. சாவி கொடுத்த கடிகாரம், இழுத்துக் கட்டிய ரப்பர், கொதிக்கிற ரசம் எல்லாம் கனத்தன. மேலே டீக்கடை வைத்திருந்த ஹம்ஸாவிடம் பெண்கள், ஆறின டீயைக் கொடுத்து எடையில் ஏமாற்றுகிறாயா என்று சண்டைக்குப் போனார்கள். அவர் பதறிப்போய் டம்ளர்களுக்குத் துணிச்சட்டை தைத்தார். கேம்ப் ஆஸ்பத்திரி நர்ஸ் தெர்மாமீட்டரை மேசை டிராயரில் போட்டுவிட்டு, காய்ச்சல் பிள்ளைகளை எடைமேடைக்கு அனுப்பினாள். முள் இறங்கினால் காய்ச்சல் இறங்கியது என்று அமலோற்பவம் சீட்டெழுதிக் கொடுத்தாள். இரண்டே மாதத்தில் இது அவர்களுக்குப் பனி விழுவது போலச் சாதாரணமாகிவிட்டது.

கேம்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்த தெய்வநாயகி டீச்சர்தான் பாவம், மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் எடைமேடைக்கு வந்து அமலோற்பவத்தின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இது தப்பே இல்லக்கா. எல்லா ஊர்லயும் இப்படித்தான். சூடான பொருளுக்கு எடை கூடத்தான் செய்யும், மேல ஏத்தி வச்சாலும் கூடத்தான் செய்யும். ஆனா தூசியில கோடியில ஒரு பங்குகூட இருக்காது, அதைக் காட்ட உலகத்துல தராசு கிடையாது. நம்ம ஊர்ல மட்டும் கொஞ்சம் தாராளமா காட்டுது."

"என்னது கூடுது டீச்சர்? உள்ள என்ன போவுது?"

"ஆற்றல்."

"அது என்ன மாதிரி பொருளு? மாவு மாதிரியா, தண்ணி மாதிரியா?"

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "பொருளே இல்லக்கா. தனியா எடுத்து இதுதான் ஆற்றல்னு யாரும் கண்டதில்ல. சூடு, ஓட்டம், உயரம், இழுத்துக் கட்டின ரப்பர் எல்லாம் வேற வேற வேஷம். ஒரு வேஷம் போய் இன்னொரு வேஷம் வரும்போது நாம அளந்து பார்த்தா, மொத்த அளவு மட்டும் மாறவே மாறாது. கூடாது, குறையாது, கை மாறும். அந்த மாறாத அளவுக்குப் பேருதான் ஆற்றல். இந்தத் தூணு, நீங்க, நானு, பொருளுன்னு நாம தொடுறதெல்லாம்கூட அதே ஆற்றல் அசையாம உக்காந்திருக்கிற கோலம்தான்."

"அப்ப இந்த அரிசி மூட்டைக்கு அஞ்சு கிலோ யாரு குடுத்தா?"

"தண்ணி குடுத்துச்சு. அணையிலிருந்து விழுந்த தண்ணி சக்கரத்தைச் சுத்துச்சு, சக்கரம் மோட்டாரைச் சுத்துச்சு, மோட்டார் மூட்டையை ஏத்துச்சு. விழுந்ததோட உயரம் ஏறினதுக்கு வந்துருச்சு."

அமலோற்பவம் அன்றைக்கு மதியம் கடையைப் பூட்டுவது போல எடைமேடைக்குச் சங்கிலி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். நாலு ஆளைக் கூப்பிட்டு, பலகையில் ஆட்டுக்கல்லை ஏற்றி, மேடையில் வைக்கச் சொன்னாள். முள் ஐம்பத்திரண்டில் நின்றது. அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள், டீச்சரும் பார்த்தாள், விஞ்சு ஓட்டுகிற போஜன் எஞ்சின் அறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து பார்த்தான். கேம்ப்பில் இருக்கிற அரிசி, இரும்பு, கட்டில், பீரோ எல்லாவற்றையும் மேலே ஏற்றியது தண்ணீர். இந்தக் கல்லை மட்டும் ஏற்றியது மிக்கேல். அந்த நாலு கிலோ வேறு யாருடையதும் இல்லை.

"அவிய உசுரோட இருந்தப்பகூட இவ்வளவு கிட்ட இருந்ததில்ல டீச்சர், எப்பவும் குழாயடியிலதான் கெடப்பாவ" என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் மூக்கை உறிஞ்சினாள்.

"கல்லுக்குள்ள இருக்காருன்னு சொல்ல முடியாதுக்கா. கல்லையும் பூமியையும் பிரிச்சு வச்சிருக்கிற தூரத்துல இருக்கு அது, ரெண்டுக்கும் பொதுவா."

"புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல இருக்குமே, அது மாதிரியா?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலக்கா, தெரியாது" என்றாள் டீச்சர்.

அதிலிருந்து மாவாட்ட வந்தவர்கள் ஊறவைத்த அரிசியைக் கொட்டுவதற்கு முன், "மிக்கேலண்ணே, கொஞ்சம் நைசா ஆட்டணும்" என்று கல்லிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. உயரம்தானே எடை என்று நினைத்து அமலோற்பவம் ஒருநாள் ஆட்களைக் கூட்டி, இரண்டடுக்குச் செங்கல் மேடை கட்டி, கல்லை அதன்மேல் தூக்கி வைத்தாள், இன்னும் துளி அதிகமாகட்டும் என்று. டீச்சர் வந்து பார்த்து, "அந்தத் துளி தூக்கின நாலு பேரோடதுக்கா, அண்ணனோடது இல்ல" என்று சொன்னதும் அன்று சாயங்காலமே மேடையை இடித்துக் கல்லைத் தரையில் வைத்துவிட்டாள். அடுத்தவன் உழைப்பு அவரோடு கலப்பதில் அவளுக்குச் சம்மதமில்லை.

கோயம்புத்தூரில் மில் வேலையிலிருந்த மகன் வின்சென்ட் மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டான்: வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், தனியாக அந்தக் குளிரில் என்ன செய்கிறீர்கள். அவள் நாலு வரியில் பதில் எழுதினாள். கல்லைக் கீழே கொண்டுவந்தால் அப்பா போய்விடுவார்கள், கல்லை விட்டுவிட்டு நான் வந்தால் அப்பாவுக்கு இங்கே ஆள் இல்லை, எனக்கு அங்கே ஆள் இல்லை, ஆகையால் நான் வரவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா மூன்று வருஷத்துக்கு முன்பே போய்விட்டார் என்று மகன் எழுதவில்லை. நல்ல பிள்ளை.

ஆடி மழை அந்த வருஷம் பதினோரு நாள் நிற்காமல் பெய்தது. பத்தாம் நாள் அடிவாரத்து மின்நிலையத்துக்குள் சேறு புகுந்து சக்கரங்கள் நின்றன. ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பிய கேம்ப் மெழுகுவத்தி தேடியது. சாமான் கிடங்கு மண்சரிவில் மூடிக்கொண்டது, படிகளில் நடுவே இருநூறு படி ஓடையோடு போய்விட்டது, தண்டவாளம் மட்டும் தப்பி நின்றது. பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு, கையால் சுற்றுகிற பழைய போன் அடிவாரத்திலிருந்து அடித்தது. ஹம்ஸாவின் மகள் ரஸியா பிரசவத்துக்காகத் தகப்பன் வீட்டுக்கு வந்திருக்கிறாள், பஸ் இறக்கிவிட்டுத் திரும்பியதும் பின்னால் ரோடு சரிந்துவிட்டது, வலி எடுத்துவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது போலிருக்கிறது என்று கூட வந்த கிழவி சொல்கிறாள், ஆஸ்பத்திரியும் நர்ஸும் மேலே. கீழே ஒரு தகரக் கொட்டகையும் தராசும் மட்டும்தான்.

ஹம்ஸா போஜனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "போஜன், எப்படியெங்கிலும் என் மோளை மேல கொண்டு வரணும்."

போஜன் உருளையைப் பார்த்தான், கைப்பிரேக்கைப் பார்த்தான். "மோட்டார் இல்லாமலும் ஏத்தலாம். மேல நிக்கிற வண்டியில தொள்ளாயிரம் கிலோ போட்டா அது தானா இறங்கும், கீழ இருக்கிற வண்டி ஏறும். வடத்தோட கனமும் சேர்த்துச் சொல்றேன். தொள்ளாயிரத்துக்கு ஒரு கிலோ குறைஞ்சாலும் அசையாது. நான் பிரேக்கைப் பிடிச்சு மெதுவா விடுறேன்."

கேம்ப் முழுவதும் மழையில் ஓடியது. அரிசி மூட்டைகள் வந்தன, இருந்த இரண்டு பீப்பாயிலும் தண்ணீர் நிரப்பி உருட்டி வந்தார்கள், தையல் மெஷின்கள் வந்தன, பள்ளிக்கூடத்து இரும்பு மேசை வந்தது, மாதா கோயில் மணியை இறக்கிக் கொண்டுவந்தார்கள், கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டாக்களையும் ட்ரங்குப் பெட்டிகளையும் துணியைக்கூட எடுக்காமல் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றையும் அமலோற்பவம் நிறுத்தாள், சத்தமாக எண்ணைச் சொன்னாள், போஜன் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். எண்ணூற்றைம்பது வந்தபோது வண்டி நிறைந்துவிட்டது. ஒரு மூலையில் ஒன்றரை அடி சதுரம் மிச்சமிருந்தது.

"இன்னும் அம்பது" என்றான் போஜன். "இந்த இடத்துக்குள்ள அடங்கணும்."

ஹம்ஸா தானே ஏறி அந்த மூலையில் உட்காரப் போனார். போஜன் அவரை இடுப்பைப் பிடித்து இறக்கினான். "கீழ போய் எப்படி முட்டும்னு எனக்கே தெரியாது. பொருள் போனா போகட்டும், ஆள் வேண்டாம்." யாரோ ஒருவர் பாறைத்துண்டு ஒன்றை உருட்டிக் கொண்டுவந்தார். உருண்டைக் கல், சரிவில் கழன்றால் ஏறிவருகிற பிள்ளைமேலேயே விழும் என்று போஜன் அதையும் தள்ளிவிட்டான். அடி தட்டையாக, இறுக்கிக் கட்ட வாகாக, சின்ன இடத்தில் பெரிய கனமாக ஒரு பொருள் கேம்ப்பில் எங்கே இருக்கிறது என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஹம்ஸாகூட, பெற்ற மகளுக்காக நின்றவர்கூட, தலையைக் குனிந்து மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது கேட்டிருந்தால் அமலோற்பவம் முடியாது என்று சொல்லியிருப்பாள். நாற்பது குடும்பமும் கேட்காமல் நின்றதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

போன் மறுபடி அடித்தது. அவள்தான் எடுத்தாள். பேச்சு ஒன்றும் வரவில்லை, ரஸியாவின் முனகல் மட்டும் வந்தது.

வைத்துவிட்டு, "எங்க வீட்டுக் கல்லைத் தூக்கிட்டு வாங்க" என்றாள்.

"விஞ்சுல கல்லு ஏறாதுக்கா" என்றான் போஜன், அவளுக்கு ஒரு வழி விட்டுக்கொடுக்கிறவன் போல.

"ஏறக்கூடாதுன்னுதான சொன்னாவ. இது எறங்குதுல்லா."

"நாப்பத்தெட்டுன்னா ரெண்டு கிலோ குறையுமேக்கா."

"நாப்பத்தெட்டு கல்லு. அவிய நாலு கிலோ இருக்காவல்லா, நீ கட்டுப்பா."

கல் வந்தது. முந்தின நாள் ஆட்டிய மாவு குழிக்குள் காய்ந்து ஒட்டியிருந்தது, அதை முந்தானையால் துடைத்தாள். வெளியே போகிறவர்களிடம் சொல்வது போலப் போயிட்டு வாங்க என்று சொல்ல வாய் வந்தது, சொன்னால் பொய்யாகிவிடும் என்று சொல்லாமல் விட்டாள். அழுதாள், மழையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள், எல்லோருக்கும் தெரிந்தது. போஜன் பிரேக்கைத் தளர்த்தினான். வண்டி அசையவில்லை. அசையவில்லை. பிறகு, தூங்குகிறவர் புரண்டு படுப்பது போல ஒரு முறை கிரீச்சிட்டு, இறங்கத் தொடங்கியது.

ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆனது என்று சிலரும் ஒரு மணி நேரம் என்று சிலரும் இன்றும் சண்டை போடுகிறார்கள். பிரேக் கட்டை புகைந்தது, அதன்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள், எட்டுப் பேர் போஜனோடு சேர்ந்து நெம்புகோலில் தொங்கினார்கள். அமலோற்பவம் மட்டும் பக்கத்தில் போகாமல், மூடுபனிக்குள் வண்டி மறைந்த இடத்தையே பார்த்து நின்றாள். இப்போது மூன்றரை இருப்பார், இப்போது மூன்று, இப்போது ஒரு கை அரிசி அளவு என்று மனசுக்குள் குறைத்துக்கொண்டே வந்தாள். பனிக்குள்ளிருந்து எதிர்வண்டி ரஸியாவோடு ஏறி வந்து நின்று, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கீழே இருப்பவன், பழக்கதோஷம், கல்லை இறக்கி எடை போட்டிருக்கிறான். "நாப்பத்தெட்டுக்கா, சரியா நாப்பத்தெட்டு" என்றான். அவள் சீட்டில் எழுதிக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பிள்ளை பிறந்தது. மழை விட்டிருந்தது. நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி, கேம்ப் வழக்கப்படி நேரே எடைமேடைக்கு எடுத்துவந்தாள், பின்னால் ஹம்ஸா, பின்னால் டீச்சர், பின்னால் மீதிக் கேம்ப்.

முள் ஆடி நின்றது. மூன்றேகால்.

டீச்சர் விரல்விட்டு எண்ணினாள். "அடிவாரத்துல இருந்தப்ப வயித்துக்குள்ள மூணு கிலோ இருந்திருக்கும். கால் கிலோ ஏறி வந்தது."

"அந்தக் கால் கிலோ யாருது டீச்சர்?"

டீச்சருக்கு நல்லதாக ஒரு பொய் சொல்ல ஆசையாக இருந்தது. அவள் அறிவியல் டீச்சர், அதனால் உண்மையைச் சொன்னாள். "எல்லாருதும்க்கா. அரிசி, மணி, தண்ணி, தையல் மெஷின், கல்லு எல்லாம் சேர்ந்துதான் இழுத்துச்சு. இது இன்னாருதுன்னு அதுல பேர் எழுதியிருக்காது. பிரிக்கவே முடியாது."

செங்கல் மேடைமேல் கல்லைத் தூக்கிவைத்த நாலு பேரின் துளியைக்கூடத் தனியாக ஒதுக்கிவைத்தவள் அமலோற்பவம். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மேடையிலிருந்து பிள்ளையைத் தூக்கி, உள்ளங்கையை அடியில் கொடுத்து ஒரு முறை ஏந்திப் பார்த்தாள்.

"பிரிக்க வேண்டாம் டீச்சர்" என்றாள். "எறங்கிப் போயிட்டாவன்னு அழுதேன். மனுசன் திரும்ப ஏறி வந்திருக்காவ, இந்தத் தடவ ஊரையே கூட்டிட்டு."

ஹம்ஸா பேரனுக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள்.